புல்தரை பழுத்தால் முதலில் இழுத்துப் பாருங்கள்

பழுத்த திட்டின் நடுவில் வேண்டாம். பச்சையும் பழுப்பும் சந்திக்கும் ஓரத்தில் ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடித்து மேல்நோக்கி இழுங்கள். என்ன பூச்சி என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். பாயைச் சுருட்டுவதுபோல் புல் மண்ணை விட்டுக் கழன்று வந்தால், கீழே வேரைத் தின்னும் ஏதோ இருக்கிறது. வேர் உறுதியாக இருக்க, இலை மட்டும் கடிபட்டுக் குட்டையாக நின்றால் இலை தின்னும் புழு. இலையும் முழுசு, வேரும் உறுதி, நிறம் மட்டும் நாளுக்கு நாள் வெளுக்கிறது என்றால் சாறு உறிஞ்சும் பூச்சி. மிதித்தால் மண் பொதபொதவென்று அமுங்கி, விரல் தடிமனில் மண் வரப்புகள் நெளிந்து ஓடினால் அடியில் சுரங்கம் தோண்டும் பூச்சி.

ஓரத்தில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திட்டின் நடுவில் புல் செத்து நாளாகியிருக்கும். தின்ன எதுவும் இல்லாததால் பூச்சியும் அங்கிருந்து நகர்ந்திருக்கும். நடுவில் தோண்டிப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாச் சோதனைகளையும் ஓரத்தில்தான் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளிலும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் இருப்பது பெரும்பாலும் அருகம்புல் இனத்தைச் சேர்ந்த பெர்முடா புல், கொரியன் புல், அகல இலை கொண்ட பஃபல்லோ புல் ஆகியவைதான். மூன்றும் வெயில் தாங்குபவை. அளவான பூச்சித் தாக்குதலையும் தாங்கும். எந்தப் புல்தரையிலும் சில பூச்சிகள் இருந்தே தீரும். எந்தப் பூச்சி, எத்தனை, இப்போது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் மருந்தைக் கையில் எடுக்கக் கூடாது.

பூச்சியே இல்லாத பழுப்பு

இழுத்துப் பார்த்ததில் நான்கு அடையாளங்களில் ஒன்றுமே தெரியவில்லையா? அப்படியானால் பூச்சியை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

நாய் சிறுநீர் பட்ட இடம் வட்டமாகக் கருகும். அந்த வட்டத்தைச் சுற்றி வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக ஒரு வளையம் இருக்கும். சிறுநீரிலுள்ள தழைச்சத்து நடுவில் மிகுதியாகிக் கருக்குகிறது, ஓரத்தில் நீர்த்துப்போய் உரமாகிறது. யூரியா கொட்டிக் கருகிய இடம், கை வீசிய பாதையிலேயே கோடாகவோ திட்டாகவோ தெரியும். கோடையில் ஒரே இடம் மட்டும் ஆண்டுதோறும் காய்ந்தால் அங்கே ஒரு நீண்ட கம்பியைக் குத்திப் பாருங்கள். வீடு கட்டியபோது புதைத்துவிட்டுப் போன செங்கல் உடைசலும் சிமென்ட் கட்டியும் கம்பியை "டக்" என்று தடுக்கும். பூஞ்சை நோயில் இலையிலேயே புள்ளியோ அழுகலோ இருக்கும். அதிகாலைப் பனி ஈரத்தில் திட்டின் மேல் மெல்லிய நூலிழை படர்ந்திருப்பதையும் காணலாம். (சிலந்தி வலையும் அந்நேரத்தில் அப்படித்தான் தெரியும், குனிந்து இலையையும் பாருங்கள்.)

தண்ணீர் போதாத புல்லையும் வேர் அறுபட்ட புல்லையும் பிரித்தறிவதுதான் சற்றுச் சிரமம். இரண்டிலும் புல் சாம்பல் கலந்த நீலப்பச்சையாக மாறும், மிதித்தால் காலடித் தடம் எழாமல் அப்படியே கிடக்கும். வேறுபாடு தண்ணீர் விட்ட பிறகு தெரியும். தாகத்தில் வாடிய புல், நன்றாக நீர் பாய்ச்சினால் ஓரிரு நாளில் நிமிர்ந்துவிடும். வேரில்லாத புல்லுக்கு எவ்வளவு ஊற்றினாலும் ஏறாது. தண்ணீரைக் கூட்டியும் தேறவில்லை என்றால் தோண்டிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

மழை ஓய்ந்த காலையில் புல்லுக்கிடையே சிறு உருண்டைகளாய்க் குவிந்திருக்கும் மண்ணைப் பார்த்தும் பலர் பதறுகிறார்கள். அது மண்புழு எச்சம். புல்தரைக்குக் கிடைக்கும் இலவச உரம். காய்ந்ததும் துடைப்பத்தால் பரப்பிவிட்டால் போதும். அதற்கு மருந்து ஊற்றுவது பெரும் அநியாயம்.

வெள்ளை வேர்ப்புழு

நம் ஊர்ப் புல்தரையில் நிரந்தரச் சேதம் செய்யக்கூடியது இதுதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

புழு வெள்ளையாக, கொழுகொழுவென்று, பிறைபோல் வளைந்து கிடக்கும். தலை பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் மூன்று இணைக் கால்கள். வால்பகுதி தின்ற மண்ணால் கறுத்துத் தெரியும். இது ஹோலோட்ரிகியா இனத்தைச் சேர்ந்த பழுப்பு வண்டின் குஞ்சு. அந்த வண்டின் ஓராண்டு வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் எப்போது எதைச் செய்ய வேண்டும் என்பது தானாகவே புரியும்.

கோடையில் முதல் நல்ல மழை பெய்ததும், ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, மண்ணுக்குள் காத்திருந்த வண்டுகள் அந்தி மங்கியதும் வெளியே வரும். நேராக வேப்பமரத்துக்கும் முருங்கைக்கும் இலந்தைக்கும் பறந்து போய் இலையைத் தின்று, அங்கேயே இணைசேரும். விடிவதற்குள் மண்ணுக்குத் திரும்பிவிடும். பெண் வண்டு ஈரமான, பொலபொலப்பான மண்ணில் சில அங்குல ஆழத்தில் முட்டையிடும். முட்டை சுமார் 10 நாளில் பொரிந்து, மிகச் சிறிய புழு முதலில் மட்கையும் மெல்லிய வேரையும் தின்னும். அதன்பின் இரண்டு முறை தோலுரிக்கும். மூன்றாம் பருவத்தில் நம் சுண்டுவிரல் அளவுக்குப் பருத்து வேரை மொத்தமாக அறுக்கும். இது ஏறக்குறைய ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. பிறகு ஆழத்துக்கு இறங்கிக் கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அடுத்த கோடை மழைக்காக மண்ணிலேயே உறங்கும்.

நாம் சேதத்தைக் காண்பது செப்டம்பரில். புழு மருந்துக்கு எளிதில் பணிந்திருக்கக்கூடிய காலமோ ஜூன், ஜூலை. இந்த இரண்டு மாத இடைவெளியால்தான் வேர்ப்புழுவுக்குச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி வீணாகிறது. கொழுத்த மூன்றாம் பருவப் புழுவை வீட்டுத் தோட்டத்தில் தெளிக்கும் எந்த மருந்தும் எளிதில் கொல்வதில்லை.

எண்ணிப் பார்ப்பது இப்படி. முந்தைய நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள், மண் காய்ந்திருந்தால் புழு கீழே போயிருக்கும். மறுநாள் ஓர் அடிக்கு ஓர் அடிச் சதுரத்தில் மூன்று பக்கம் மட்டும் மண்வெட்டியால் 7 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, நாலாவது பக்கத்தில் வைத்து மடக்கித் திறங்கள். திறந்த மண்ணையும் மடக்கிய புல்பத்தையின் அடிப்பக்கத்தையும் விரலால் உதிர்த்துப் புழுக்களை எண்ணுங்கள். பிறகு மூடி, மிதித்து, தண்ணீர் ஊற்றினால் புல் பிழைத்துக்கொள்ளும். ஒரே இடத்தோடு நிறுத்தாமல் நான்கைந்து இடத்தில் பார்த்துச் சராசரி எடுங்கள். வேர்ப்புழு எப்போதும் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும்.

சதுர அடிக்கு ஒன்றிரண்டு பெரிய புழு என்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை, நன்கு வேரூன்றிய புல் அதை ஈடுகட்டிவிடும். நான்கைந்துக்கு மேல் போனால் நடவடிக்கை வேண்டும். புழு சிறிய இனமாக இருந்தால் எட்டு பத்து வரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். நீரும் உரமும் சரியாகக் கிடைக்கும் புல்லுக்குத் தாங்குதிறன் கூடுதல், நிழலில் நோஞ்சானாகக் கிடக்கும் புல்லுக்குக் குறைவு.

வெள்ளையாகச் சுருண்டு கிடப்பதெல்லாம் எதிரியும் அல்ல. எருக்குழியிலும், மட்காத சாணம் போட்ட பாத்தியிலும் பெரிய வெள்ளைப் புழுக்கள் கிடைக்கும். அவற்றில் பல காண்டாமிருக வண்டின் குஞ்சுகள். அவை மட்கைத்தான் தின்னும், புல்வேரைத் தொடாது. (தென்னை வைத்திருப்பவர்கள் மட்டும் அவற்றையும் பொறுக்கி அழிக்க வேண்டும், வளர்ந்த வண்டு தென்னங்குருத்தைக் குடையும்.) இன்னொரு வகைப் புழுவைச் சிமென்ட் தரையில் விட்டால், காலை மேலே தூக்கிக்கொண்டு முதுகாலேயே ஊர்ந்து போகும். அது பூ வண்டின் குஞ்சு, அதுவும் மட்கு தின்னிதான். நம் வேர்ப்புழு அப்படி முதுகால் ஊராது, பக்கவாட்டில் சுருண்டே கிடக்கும். ஒரு நிமிடச் சோதனையில் ஒரு மருந்துப் புட்டி மிச்சம்.

பறவைகளையும் கவனியுங்கள். கொண்டலாத்தி தன் நீண்ட அலகை மண்ணில் குத்திக் குத்தி எடுத்தால், காகமும் மைனாவும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கிளறினால், அங்கே உணவு இருக்கிறது என்று பொருள். பறவை கிளறியதால் புல் கெட்டுவிட்டது என்று அதை விரட்டுவோர் உண்டு. கெடுத்தது கீழே இருக்கும் புழு.

ஒரே இரவில் மொட்டையாக்கும் படைப்புழு

நீண்ட வறட்சிக்குப் பிறகு கனமழை பெய்தால் சில வாரங்களில் எதிர்பார்க்க வேண்டியது இது. நெல்லிலும் வரும் பழைய படைப்புழு இனமும், 2018இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு மக்காச்சோளத்தை அழித்த அமெரிக்கப் படைப்புழுவும் புல்லையும் தின்னக்கூடியவை. அமெரிக்கப் படைப்புழுவின் முகத்தில் தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில 'ஒய்' வடிவக் கோடும், வால் பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் தெரியும்.

அந்துப்பூச்சி குவியலாக முட்டையிட்டு அதன்மேல் பஞ்சுபோன்ற ரோமத்தைப் போர்த்திவிடும். புல்லில் மட்டுமல்ல, வெளி விளக்கின் அருகிலுள்ள சுவர், கம்பம், செடியின் இலையடி என்று எங்கும் இடும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். சிறு புழு இலையின் பச்சையை மட்டும் சுரண்டுவதால் வெளியே தெரியாது. இரண்டு மூன்று வாரப் புழு வாழ்க்கையில் தின்னும் உணவில் மிகப் பெரும்பகுதியைக் கடைசிச் சில நாளில்தான் தின்கிறது. நேற்றுப் பச்சையாக இருந்த தரை இன்று மொட்டையாக இருப்பதற்கு அதுவே காரணம். புழு நேற்று வந்ததல்ல, இரண்டு வாரமாக அங்கேதான் இருந்திருக்கிறது.

பகலில் காய்ந்த புல்சக்கைக்குள் ஒளிந்திருக்கும் இதை வெளியே வரவழைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். பாத்திரம் கழுவும் திரவம் 30 மில்லியை 8 லிட்டர் தண்ணீரில் கலந்து, மூன்றடிக்கு மூன்றடி இடத்தில் பூவாளியால் சீராக ஊற்றுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் அங்கேயே நின்று பாருங்கள். தோல் எரிச்சல் தாங்காமல் புழுக்கள் புல்நுனிக்கு ஏறிவரும். நண்பகல் வெயிலில் செய்தால் சோப்பு புல்லைக் கருக்கும், காலையிலோ மாலையிலோ செய்து, முடிந்ததும் வெறும் தண்ணீரால் அலசிவிடுங்கள். வேர்ப்புழு மட்டும் இந்தச் சோதனையில் மேலே வராது, அதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

ஆறுதல் தரும் செய்தி ஒன்று. படைப்புழு இலையைத்தான் தின்கிறது. பெர்முடா புல்லின் தண்டும் வேரும் தரையோடு தப்பிவிடுவதால், புழு ஒழிந்த பிறகு ஒழுங்காகத் தண்ணீர் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தரை மீண்டும் பச்சையாகும். புதிதாகப் பதித்த புல்தான் இதில் செத்துப்போகும்.

பிள்ளைப்பூச்சி

மடியில் கட்டிக்கொண்டால் குறுகுறுக்கும் என்று பழமொழி சொல்லும் அதே பூச்சி. மூன்று சென்டிமீட்டர் நீளம், பழுப்பு நிறம், உடலில் வெல்வெட் போன்ற ரோமம், முன்கால் இரண்டும் மண்வெட்டி வடிவம். ஈர மண்ணில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இரவில் சுரங்கம் ஓட்டும். வேரையும் கடிக்கும். ஆனால் பெரிய சேதம் சுரங்கத்தால்தான். மண் தூக்கப்பட்டு வேர் காற்றில் தொங்க, அடுத்த வெயிலில் புல் காய்கிறது.

இதற்கும் சோப்புத் தண்ணீர்தான் சோதனை, கலவை மட்டும் இருமடங்கு கடுமை. 30 மில்லியை 4 லிட்டரில் கலந்து, புதிய மண் வரப்பு தெரியும் இரண்டு சதுர அடியில் ஊற்றினால் சில நிமிடங்களில் பூச்சி மேலே வந்துவிடும். சிறிய புல்தரையில் இதுவே சிகிச்சையும் ஆகும். மாலையில் ஊற்றி, வந்ததைப் பொறுக்கிச் சோப்பு நீரில் போடுங்கள். பிறகு தூக்கிய மண்ணை மிதித்தோ உருளை ஓட்டியோ அமுக்கித் தண்ணீர் விடுங்கள், வேர் மீண்டும் மண்ணைத் தொட வேண்டும். இந்த அமுக்கும் வேலையை விட்டுவிட்டால் பூச்சி போன பிறகும் புல் காயும்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் புல்தரைக்குப் பெரிய எதிரி, தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் வழியே வந்து சேர்ந்த பிள்ளைப்பூச்சி இனங்கள். அங்கே புளோரிடா பல்கலைக்கழகத்தார் அதே தென் அமெரிக்காவிலிருந்து ஒரு குளவியையும் ஒரு நூற்புழுவையும் கொண்டுவந்து விட்டு அதைக் கட்டுப்படுத்தினார்கள். நம் ஊர்ப் பிள்ளைப்பூச்சி இங்கேயே பிறந்தது. அதைத் தின்னும் பறவைகளும் இங்கேயே இருப்பதால், அந்த அளவுக்குப் பெருகுவது அரிது.

சாறு உறிஞ்சுபவை, கரையான், எறும்பு

புல்லின் கணுவில் இலையுறையை விலக்கிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு உருண்டைபோல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது புல் மாவுப்பூச்சி. கோடையில், தண்ணீர் குறைவான இடத்தில் மிகும். புல் வெளிறி, நுனி காய்ந்து, வளர்ச்சி நின்றுபோகும். இந்தப் பூச்சி அமெரிக்காவின் டெக்சாஸில் மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கியபோது, 1950களின் இறுதியில் இந்தியாவிலிருந்துதான் ஒரு மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை அங்கே கொண்டுபோனார்கள். அதன் பெண் குளவிக்குப் பறக்க இறக்கை இல்லை, ஆகவே விமானத்திலிருந்து தூவிப் பரப்பினார்கள். அந்தக் குளவி இங்கே இயல்பாகவே இருக்கிறது. கண்மூடித்தனமாக மருந்தடித்தால் முதலில் சாவது அதுபோன்ற குளவிகள்தான்.

மாவுப்பூச்சிக்கு மருந்தைவிடத் தண்ணீரும் வெட்டும் மேல். புல்லைக் கட்டையாக ஒருமுறை வெட்டி, வெட்டியதை அங்கேயே விடாமல் அள்ளி அப்புறப்படுத்தி, நன்றாக நீர் பாய்ச்சுங்கள். மிஞ்சியதற்கு 1 சதவீத அசாடிராக்டின் உள்ள வேம்பு மருந்தை லிட்டருக்கு 2 மில்லி கலந்து, கணு நனையும்படி மாலையில் தெளிக்கலாம்.

அமெரிக்காவில் புளோரிடா, டெக்சாஸ் பக்கம் வசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் செயின்ட் அகஸ்டின் புல்தரை கோடையில், சுவரோரமும் நடைபாதையோரமும், வெயில் கூடிய இடத்திலிருந்து மஞ்சளாகிப் பரவினால் சின்ச் பூச்சியைத் தேடுங்கள். இரண்டு பக்கமும் திறந்த ஒரு தகர டப்பாவை மண்ணில் இரண்டு அங்குலம் அழுத்தி, நிறையத் தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்காமல் பத்து நிமிடம் நிரப்பிக்கொண்டே இருங்கள். கருநிற உடலும் வெள்ளை இறக்கையும் கொண்ட சிறு பூச்சிகள் மிதந்து வரும்.

கரையான் பெரும்பாலும் காய்ந்த புல்லைத்தான் விரும்பும். சக்கை மேல் மண் பூசினாற்போல் தெரிவது அதன் வேலை. அதன் வருகை, அடியில் காய்ந்த சக்கையோ புதைந்த மரத்துண்டோ மட்காத எருவோ இருக்கிறது என்பதற்கு அடையாளம். அதை எடுத்துவிட்டு ஈரம் காத்தால் தானாகக் குறையும். எறும்பு பொதுவாகத் தீங்கில்லை. புற்று மண் புல்லை மூடினால் கலைத்துவிடுங்கள். ஆனால் எறும்பு ஒரே திட்டில் புல்தண்டின் மேல் ஓயாமல் ஏறி இறங்கினால் அங்கே மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

மருந்துக்கு முன்னால் செய்யும் வேலை

வண்டு முட்டையிடத் தேடுவது ஈரமான மண். அதனால் கோடை மழைக்குப் பிந்தைய சில வாரங்களில், புல் வாடாத அளவுக்கு மட்டும் தண்ணீரைக் குறையுங்கள். மேல்மண் காய்ந்தால் முட்டையும் புதிதாய்ப் பொரித்த புழுவும் வறண்டு சாகும், பெர்முடாவும் கொரியனும் அதைத் தாங்கும். மற்ற காலங்களில் தினமும் தெளிக்காமல், மண் ஒரு சாண் ஆழம் நனையும்படி வாரத்துக்கு இரண்டு முறை விடுங்கள். தினம் மேலோட்டமாக நனைக்கும் புல்லின் வேர் மேலேயே நிற்கும், சில புழுக்கள் கடித்தாலே விழுந்துவிடும்.

அதே வாரங்களில் மாலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை புல்தரையை நோக்கிய விளக்குகளை அணைத்து வையுங்கள். வண்டையும் அந்துப்பூச்சியையும் நாமே கூப்பிட்டு முட்டையிட வைக்க வேண்டாம். முதல் மழைக்குப் பிந்தைய ஏழெட்டு இரவுகளில் அருகிலுள்ள வேம்பு, முருங்கைக் கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளைப் பொறுக்கிச் சோப்பு நீரில் போட்டால் அந்த ஆண்டின் வேர்ப்புழுவில் கணிசமான பங்கு பிறக்காமலே போகும். தெருவில் நாலு வீடு சேர்ந்து செய்தால் பலன் இன்னும் கூடும்.

வெட்டும்போது ஒரே தடவையில் இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வீட்டுப் பெர்முடாவுக்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் உயரம் பொருத்தம். கொரியன் புல்லை வெட்டாமல் விட்டால் மேடுமேடாகக் குவிந்து, அடியில் சக்கை சேரும். சக்கை ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் தடித்தால் வாரியால் கீறி அள்ளுங்கள். பூச்சிக்கு ஒளிவிடம் அது. தெளிக்கும் மருந்தையும் மண்ணுக்குள் இறங்கவிடாமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். "மருந்து வேலை செய்யவில்லை" என்ற புகார்களில் பல இந்தச் சக்கையில் முடிகின்றன.

எரு போடுவதானால் நன்றாக மட்கியதை மட்டும், சலித்துப் போடுங்கள். வேப்பம் புண்ணாக்குத் தூளைச் சதுர மீட்டருக்கு 50 கிராம் அளவில் ஜூன் மாதம் தூவி நீர் விடுவது நல்ல பழக்கம். உரமாகவும் இருக்கும், இளம்புழுவையும் ஓரளவு தடுக்கும். ஆனால் கொழுத்த புழுவை அது ஒழிக்கும் என்று நம்ப வேண்டாம்.

உயிரி மருந்துகள்

வேர்ப்புழுவுக்கு நம்மிடம் இருக்கும் சிறந்த உயிரி ஆயுதங்களில் ஒன்று கோயம்புத்தூர் மண்ணில் கண்டெடுக்கப்பட்டது. ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்ற நூற்புழு 1992இல் அங்கிருந்துதான் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்த நூற்புழு மண்ணின் ஈரத்தில் நீந்திப் போய் வேர்ப்புழுவுக்குள் நுழைந்து, தான் சுமந்துவரும் பாக்டீரியாவை விடும். இரண்டு மூன்று நாளில் புழு செத்துச் செங்கல் நிறமாகும். தோண்டும்போது செந்நிறப் புழு கிடைத்தால் மருந்து வேலை செய்கிறது என்று அறியலாம். பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இதைத் தூள் வடிவில் உருவாக்கியிருக்கிறது.

அளவு சதுர மீட்டருக்கு சுமார் இரண்டரை லட்சம் நூற்புழு. பொட்டலத்தில் மொத்த எண்ணிக்கை இருக்கும், வகுத்துக்கொள்ளுங்கள். இது உயிருள்ள சரக்கு என்பதை மறந்தால் பணம் வீண். வெயில் பட்டால் நிமிடக் கணக்கில் சாகும், அதனால் சூரியன் இறங்கிய பிறகுதான் ஊற்ற வேண்டும். தரையை முன்கூட்டியே நனைத்திருக்க வேண்டும். தெளிப்பானின் நுண்வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும், பூவாளி இன்னும் நல்லது. ஊற்றியதும் மேலே தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்கி, ஒரு வாரத்துக்கு மண் காயாமல் பார்க்க வேண்டும். காலாவதியான பொட்டலத்தில் இருப்பது வெறும் தூள்.

மெட்டாரைசியம் பூஞ்சையும் வேர்ப்புழுவுக்கு ஏற்றது. தூளை லிட்டருக்கு 10 கிராம் வரை கலந்து மாலையில் மண் நனைய ஊற்றுவது வழக்கம். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், செத்த புழுவின் மேல் பச்சைப் பொடி படரும். அதே வாரத்தில் பூஞ்சைக்கொல்லி தெளித்தால் இந்த மருந்து வீண். இலை தின்னும் இளம்புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து போதும். புழு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் அதன் பலன் குறையும்.

ரசாயனம் தேவைப்பட்டால்

எண்ணிக்கை தாங்குநிலையைத் தாண்டி, மேலே சொன்னவை கைகொடுக்காதபோதுதான் இது. இங்கே தண்ணீர் விடும் முறையில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. வேர்ப்புழு மருந்து மண்ணுக்குள் போக வேண்டியது. தெளித்த உடனே 1 சென்டிமீட்டர் நீர், அதாவது சதுர மீட்டருக்கு 10 லிட்டர், ஒரு சென்ட் இடத்துக்கு சுமார் 400 லிட்டர் விட வேண்டும். படைப்புழு மருந்து இலைமேல் இருக்க வேண்டியது. தெளிக்கும் முன்பே வெட்டி முடித்துவிட்டு, தெளித்த பின் இரண்டு நாள் வெட்டவோ நீர் தெளிக்கவோ கூடாது. இரண்டையும் மாற்றிச் செய்தால் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

இமிடாகுளோபிரிட் இளம் வேர்ப்புழுவுக்குப் பயன்படும், ஆனால் தேனீக்குக் கொடியது. புல்லுக்கிடையே பூத்திருக்கும் களையை வெட்டி அகற்றிய பிறகே தெளிக்க வேண்டும். படைப்புழுவுக்கு குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 சதவீதக் கரைசல் லிட்டருக்கு 0.4 மில்லி போதும், தேனீக்கு இதனால் ஆபத்து குறைவு. எதை வாங்கினாலும் லேபிளில் உள்ள அளவே இறுதி. கையுறை, முகக்கவசம், முழுக்கை சட்டை கட்டாயம். தரை முழுதும் காயும் வரை குழந்தைகளையும் நாயையும் விடாதீர்கள்.

குருணை மருந்தைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவச் சொல்லும் பழைய ஆலோசனை இன்னும் புழங்குகிறது. திமெட் என்று அறியப்பட்ட ஃபோரேட் குருணை 2020 இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. யாராவது பழைய சரக்கைக் கொடுத்தால் வாங்காதீர்கள். கார்போஃப்யூரான் குருணையை விதை என்று நினைத்துத் தின்னும் சிறு பறவை, ஒன்றைத் தின்றாலே செத்துவிடும். குழந்தை உருண்டு விளையாடும் தரையில் இவற்றுக்கு இடமே இல்லை.

சிகிச்சை முடிந்து மூன்று வாரம் கழித்து அதே முறையில் மீண்டும் தோண்டி எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்கியிருந்தால் மட்டும் செத்த இடத்தை நிரப்பத் தொடங்கலாம். காய்ந்த புல்லை வாரி எடுத்து, மேல்மண்ணை ஒரு சாண் கொத்தி, கண்ணில் படும் புழுவைப் பொறுக்கிப் பறவைக்குப் போடுங்கள். அருகிலுள்ள நல்ல இடத்திலிருந்து வேரோடு பிடுங்கிய புல்லை நாலு அங்குல இடைவெளியில் ஊன்றி, இறுக்கி, வேர் பிடிக்கும் வரை ஈரம் காக்கவும். நாற்றங்காலிலிருந்து புல்பத்தை வாங்குவதாக இருந்தால் வண்டியிலிருந்து இறக்கும் முன் நாலைந்தைப் புரட்டிப் பாருங்கள். அடியில் வெள்ளைப் புழுவோ, கணுவில் பஞ்சோ, மண்ணோடு கோரைக் கிழங்கோ இருந்தால் அந்த வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.